ஏறும் முன் இறங்கும் பக்கெட்

பிப்ரவரி 4, ஞாயிறு

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நேரில் பேச மாட்டாய். போன் செய்தால் உன் வீட்டுக்காரி எடுத்து, "அவர் வயலுக்குப் போயிருக்கார்" என்கிறாள். பின்னால் நீ தொண்டையைக் கனைப்பது எனக்குக் கேட்கிறது. பாவம், அவளை ஏன் பொய் சொல்ல வைக்கிறாய்? அதனால் இதை டிராக்டரின் டூல் பாக்ஸில் வைக்கிறேன். ஸ்பானர் தேடும்போதாவது கையில் படட்டும்.

அப்பா நிலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டுப் போனார். டிராக்டரைப் பிரிக்க அவராலும் முடியவில்லை. ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் பாலத்து ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். விடுகிறாய், இல்லையென்று சொல்லவில்லை. எந்த நிலையில் விடுகிறாய் என்பதுதான் பேச்சு.

போன ஞாயிறு எடுத்துவரும்போது முன்னால் எரு அள்ளுகிற லோடருக்கு ஆயில் போகிற ஹோஸ் முனையில் ரப்பர் மூடியைக் காணோம். முனை முழுக்க மண். டிராலியைக் கவிழ்க்க அந்த ஹோஸைக் கழற்றி மாற்றியிருக்கிறாய், கழற்றியதைத் தரையில் போட்டிருக்கிறாய், பிறகு துடைக்காமல் அப்படியே சொருகியிருக்கிறாய். அந்த மண் எங்கே போகும்? ஆயிலோடு போய் வால்வுக்குள்தான் உட்காரும். உள்ளே இருக்கிற கம்பி மயிரிழை இடைவெளியில் ஓடுவது, அதற்கு ஒரு மணல் போதும். இப்போதே லீவர் இறுக்கமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு விரலால் இழுப்பேன், இந்த வாரம் தோள் வலிக்கிறது.

பட்டறையில் நாலு பேர் முன்னால் உன் மாமா உன்னைக் கேலியாகச் சொன்னது தப்புதான். "என் மச்சானுக்கு லீவர் பிடிக்கத் தெரியாது, அடிபம்பு அடிக்கிற மாதிரி அடிக்கிறான்" என்று அவர் சொன்னதும் உன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். அவர் வாய் அப்படி, உனக்குத் தெரியாததா? அதற்காக எங்கள் வீட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்காமல் இருப்பாயா?

மூடி வாங்கிப் போட்டுவிட்டேன். தொலைக்காதே.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

மூடி அங்கேயே இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள். இருந்தது மொத்தம் ஒன்று.

மண் என்னுடையது என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு. போன வருஷம் வரை ஒரே வயல். மாமா ஹோஸைத் தரையில் போட்டதே இல்லை என்று சத்தியம் செய்வாயா?

லீவர் பிடிக்கத் தெரியாதவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேள். மாமா லோடரின் இரும்புப் பக்கெட்டை மேலே தூக்குவார். அது உச்சிக்குப் போய் நின்றுவிடும். அதற்கு மேல் போக இடமில்லை. அவர் லீவரை விட மாட்டார், இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பார். வீல் என்று ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பாய். "பவரு பாத்தியாடா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அது பவர் இல்லை, அக்கா. போக வழியில்லாத ஆயில், அடைப்பைத் திறந்துகொண்டு பிதுங்கி ஓடுகிற சத்தம். ஆயில் கொதிக்கும், ரப்பர் சீல் கருகும், வால்வு பாழாகும். உச்சிக்குப் போனதும் கையை எடுத்தால் போதும், அவ்வளவுதான் வித்தை.

இதை அன்றைக்குப் பட்டறையிலேயே நாலு பேர் முன்னால் நானும் சொல்லியிருக்கலாம். அக்கா புருஷன் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

லீவர் இறுக்கம் எனக்கும் தெரிகிறது.

தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

நீ எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் இல்லை, சத்தம் போடுகிற பகுதியை மட்டும். "உன் தம்பி பாடம் எடுக்கிறானா?" என்றார். ஆனால் மறுநாள் பக்கெட் உச்சிக்குப் போனதும் கையை எடுத்துவிட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் அவரிடம் சொல்லிவிடாதே, அப்புறம் வேண்டுமென்றே பிடித்துக்கொண்டு நிற்பார்.

எரு குவியல் அப்படியே மலையாக நிற்கிறது. கோடை மழைக்கு முன்னால் வயல் முழுக்க இறைத்தாக வேண்டும். லோடர் அள்ளிக் கொட்டக் கொட்ட நான் முள்வாரியால் இழுத்துப் பரப்புகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. உனக்கு வந்த பங்கில் மூன்று மரம் இருக்கிறது, எனக்கு வந்ததில் ஒரு குச்சி நிழல்கூட இல்லை. இதைப் பொறாமையில் சொல்லவில்லை, வெயிலில் சொல்கிறேன். மாமா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். மதியம் சாப்பிட்டதும் பக்கெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைத்துவிட்டு, அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார். "அப்பா உன் தம்பிக்கு மரம் குடுத்தாரு, எனக்கு இதைக் குடுத்தாரு" என்று ஒரு ஜோக் வேறு. படுத்த உடனே குறட்டை.

இரண்டு நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதமாகத்தான் இருக்கிறது.

உன் வீட்டுக்காரியின் தலைவலி எப்படி இருக்கிறது? வந்து பார்க்க எனக்கும் ஆசைதான். நீ வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வாயோ என்று கால் வரவில்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

இதை முழுக்கப் படி. மாமாவிடமும் முழுக்கப் படி, சத்தம் போடுகிற பகுதியை மட்டும் இல்லை.

பக்கெட் நிற்கவில்லை. தூக்கி நிறுத்திவிட்டு இறங்கி ஒரு வேலை பார்த்துவிட்டு வந்தால், நிறுத்திய உயரத்தில் இல்லை. இந்த வாரம் வேலை செய்த ஒவ்வொரு நாளும் பார்த்தேன். மெதுவாகத்தான் இறங்குகிறது, கண்ணுக்கு அசைவது தெரியாது, கடிகார முள் மாதிரி. வால்வுக்குள் கீறல் விழுந்திருக்க வேண்டும், ஆயில் கசிந்து பின்வழியாக ஓடுகிறது.

அதன் அடியில் மாமா படுக்கக் கூடாது. நீ சாப்பிட உட்காரவும் கூடாது. இறங்கிப் போகிறீர்கள் என்றால் பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு இறங்குங்கள். வால்வு நன்றாக இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். நிழலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது, சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. தூக்கும்போது பார். இஞ்சின் மெதுவாக ஓடுகிறபோது லீவரை இழுத்தால், பக்கெட் ஏறுவதற்கு முன்னால் ஒரு சாண் கீழே விழுந்துவிட்டுத்தான் ஏறுகிறது. பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிற குட்டி வால்வு ஒன்று உள்ளே உண்டு, அது சரியாக அடைபடவில்லை. முதலில் கை ஆக்சிலேட்டரை ஏற்றிவிட்டு, இஞ்சின் வேகம் பிடித்த பிறகு லீவரைத் தொடு. மறந்தும் முன்பக்கம் கடைசி வரை தள்ளாதே. அங்கே க்ளிக் என்று ஒரு இடம் உண்டு, அதில் விழுந்தால் பிடிமானமே இல்லாமல் மொத்தமும் தொப்பென்று இறங்கும்.

பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த ஞாயிறு நேராக அங்கே ஓட்டிப் போயிருப்பேன். ஆனால் இது உன் வாரம். எரு இறைக்கிற சமயத்தில் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டான் என்று பேச்சு வரும், மாமா ஊர் முழுக்கச் சொல்வார். அதனால் ஷெட்டில் விட்டிருக்கிறேன். நீயே முடிவு செய்து பட்டறைக்கு அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 28, புதன் காலை

தம்பிக்கு,

உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். மாமாவுக்கும் முழுக்கப் படித்தேன்.

எங்களை என்ன சின்னப் பிள்ளைகள் என்று நினைத்தாயா? மாமா இன்று விடிந்ததும் வயலுக்குப் போய்ப் பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி, பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, பக்கெட் விளிம்புக்குச் சரியாகக் கம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டார். நானும் நின்று பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கொட்டகை கூட்டி, திரும்பிப் போய்ப் பார்த்தோம். கோடு கோட்டில், விளிம்பு விளிம்பில். ஒரு நூல் இறங்கவில்லை.

"வேற ஒண்ணுமில்ல, வால்வை நாமதான் கெடுத்தோம்னு பட்டறையில போய்ச் சொல்றதுக்கு இப்பவே அடி போடுறான்" என்கிறார் மாமா. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கும்போது கொஞ்சம் இறங்குவது உண்மைதான், அதைப் பார்த்தேன். மற்றது எதுவும் நீ சொன்ன மாதிரி இல்லை. மழை வரப்போகிற நேரத்தில் வண்டியைப் பட்டறையில் போட்டுவிட்டு நான் கூடையிலா எரு சுமப்பேன்?

அவருக்கு ஒரு நிழல் கிடைத்தால்கூட உனக்குப் பொறுக்கவில்லை. உன் தார்ப்பாய் சீட்டுக்குப் பின்னால் மடித்தபடியே இருக்கிறது, எடுத்துக்கொள். மாமா இன்றைக்கும் அங்கேதான் படுப்பார். நீ வயிறெரிந்துகொண்டு கிட.

அக்கா


மார்ச் 3

அக்கா,

இதை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் உனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், சாப்பிடு.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மாடி வரைக்கும் வந்தேன். கதவு கண்ணாடி வழியாக மாமா காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். நர்ஸ் "யாரு நீங்க?" என்று கேட்டார். வார்டு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் வந்தால் மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும் என்றும் தோன்றியது. அது சாக்கு என்று எனக்கே தெரிகிறது.

டிராக்டர் உன் வயலிலேயே நின்றது. பக்கெட் தரையில் கிடந்தது. நான்தான் போய் எடுத்துவந்து பட்டறையில் விட்டேன். ஸ்பானருக்காக டூல் பாக்ஸைத் திறந்தபோது உன் புதன்கிழமைக் கடிதம் இருந்தது. அதன் கடைசி வரியைப் படித்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை, அக்கா. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டறைக்காரர் வால்வைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருக்கும் கம்பியில் நீளவாக்கில் கீறல். குட்டி வால்வு உட்காருகிற இடத்தில் ஒரு மணல், கடுகளவுகூட இல்லை. ஆயில் கருகி நாறியது. "யாருய்யா இப்படி ஓட்டினது? மண்ணையும் விட்டு, சூடும் பண்ணி, நல்லா கூட்டு சேர்ந்து கெடுத்திருக்கீங்க" என்றார். ஹோஸ் முனையை ஒரு தடவைகூட நான் துடைத்ததில்லை என்பதை உனக்கு எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கோடு போட்டுப் பார்த்தது ஏன் பலிக்கவில்லை என்று அவரைக் கேட்டேன். காலையில் ஆயில் குளிர்ந்து தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், கீறல் வழியே போகாது. வேலை செய்து சூடேறினால் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், அப்போதுதான் கசியும். மதியம் வரை ஓட்டிவிட்டு நிறுத்தினால்தான் இறங்கும். நான் பார்த்ததெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். அதை ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் மதியம் கோடு போட்டுப் பார்த்திருப்பீர்கள். எழுதவில்லை. அவசரத்தில் எழுதினேன், மாமாவைக் குத்துகிற மாதிரி எழுதுவதிலேயே பாதி மூளை போய்விட்டது.

அன்றைக்குப் பக்கெட்டை எப்படித் தூக்கினாய்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுது.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

நேற்று மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாரா என்றால், "நடப்பார், முன்ன மாதிரி எதிர்பாக்காதீங்க" என்று டாக்டர் சொன்னார். முன்ன மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் முழுக்கச் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து அவர் படுத்துவிட்டார். பக்கெட்டில் பாதி எரு. எழுந்ததும் கொட்டலாம் என்று அப்படியே தூக்கி நிறுத்தியிருந்தார். நான் வயலின் அடுத்த கோடியில் எரு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்டது எனக்கு முதலில் கேட்கவில்லை. கத்தவில்லை, தம்பி, "ஏ... ஏ..." என்றுதான். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, இழுத்துக்கொண்டிருந்த எருவை இழுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். பக்கெட் அவர்மேல் உட்கார்ந்திருந்தது.

டயர் பதிந்த பள்ளத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அதனால் நெஞ்சு தப்பியது, விளிம்பு இடுப்பில் இருந்தது. "மெதுவா இறங்குதுடி, இன்னும் இறங்குது" என்றார். அந்தக் குரலை இனி நான் கேட்கக் கூடாது.

ஏறி சாவியைத் திருப்பினேன். இஞ்சின் மெதுவாகத்தான் பிடித்தது. கை தானாக லீவருக்குப் போய்விட்டது. இழுத்தே இருப்பேன். அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. ஏறும் முன் ஒரு சாண் இறங்கும் என்று எழுதியிருந்தாயே, அது. அவர் இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் ஏது ஒரு சாண்? லீவரை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை ஏற்றினேன். இஞ்சின் உறுமியதும் நான் வண்டியை அவர்மேல் ஏற்றப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். "வேண்டாம், நிறுத்து, நிறுத்துடி!" என்று அலறினார். அவர் அலற அலற, நான் வேகம் பிடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன், அவ்வளவு நேரம் அவர் பேச்சைக் கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

பிறகு இழுத்தேன். அப்போதும் ஒரு விரல் அளவு இறங்கியது. அவர் சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஏறியது. உச்சிக்கு ஏற்றிவிட்டுக் குதித்து, மறுபடி இறங்குவதற்குள் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்துப் போட்டேன்.

எலும்பு எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கெட் தானாக வந்து உட்கார்ந்தபோதா, நான் தூக்கியபோது அந்த ஒரு விரல் இறங்கியபோதா? டாக்டரிடம் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் கேட்கத்தான் போனேன், கேட்காமல் வந்தேன்.

நீ எழுதாமல் போயிருந்தால் அவர் இருந்திருக்க மாட்டார். இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வால்வு கசிகிறது, மாமா செத்துப்போவார் என்று தெரிந்தவன் அதை டூல் பாக்ஸிலா போட்டுவிட்டுப் போவான்? உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தானே இருக்கிறது? பாலத்தில் நின்று கத்தியிருந்தால்கூட எனக்குக் கேட்டிருக்கும். சாவியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம், நான் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், தூற்றட்டுமே என்று விட்டிருக்கலாம். நீ மரியாதை பார்த்தாய். நானும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்காமல், கம்பு நட்டுக் கோடு போட்டேன். உன்னை மட்டும் எப்படிக் குறை சொல்வேன்?

மாமா பகலில் தூங்குவதில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இன்று காலை முகம் துடைத்துவிடும்போது, "அந்த ஆக்சிலேட்டர் விஷயத்தை எழுதினது உன் தம்பிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாப்பாடு ஊட்டினேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு கூப்பிட்டார்.

"அவனுக்கு எழுதுவியா?"

"எழுதுவேன்."

"வான்னு நான் சொன்னதா எழுதாத."

"சரி."

"அவனா வந்தா வரட்டும். ஆனா ஒண்ணு முன்கூட்டியே சொல்லி வை. வந்தா நான் எழுந்து உக்கார மாட்டேன். முடியாது. படுத்துக்கிட்டே பேசுறாரு, மரியாதை தெரியலைன்னு மறுபடியும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போயிடப் போறான்."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது.

அக்கா